கழுத்துக்குப் போகும் கிளை

ஜூன் 11, செவ்வாய்

காலையில் கம்மல் போடும்போது வலது காதுமடலுக்குக் கீழே விரலில் ஏதோ தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு. அழுத்தினால் வலியில்லை, தள்ளினால் நகர்கிறது. பரோட்டிட் என்கிற உமிழ்நீர்ச் சுரப்பியின் வால்பகுதி. எம்.பி.பி.எஸ். பிள்ளைகளுக்கு இத்தனை வருடமாக உடற்கூறியலில் தலையும் கழுத்தும் நடத்துகிறவளுக்கு இதைச் சொல்லப் புத்தகம் தேவையில்லை. பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான்.

அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லை மாணவர்களிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்! இன்று நாள் முழுக்க அது என்னைப் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்காரர் வர்க்கிச்சனிடம் சொல்லவில்லை. சொன்னால் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி, தன் தங்கச்சி லில்லிக்குட்டிக்கு ஃபோன், அவள் வாய் வழியாகப் பங்குக் கோயில் ஜனம் முழுக்கத் தகவல். லில்லிக்குட்டி எல்.ஐ.சி. ஏஜென்ட். பேசிப் பேசியே பாலிசி எடுக்க வைக்கிறவள்.

ஜூன் 15

வர்க்கிச்சன் கண்டுபிடித்துவிட்டார். புட்டுக்குப் பழம் பிசைந்துகொண்டே, "உனக்கு என்ன, அடிக்கடி காதைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறே? கம்மல் தொலைஞ்சிடுச்சா?" என்றார். உரக்கடையில் நாள் முழுக்க ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து யார் கடன் கேட்பார்கள் என்று சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம்.

சொன்னேன். பழத்தைத் தட்டில் வைத்துவிட்டார். மெழுகுவர்த்தி, ஃபோன், எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது.

ஜூன் 19

எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் டாக்டர் ஜினேஷிடம் காட்டினேன். என் மாணவன். முதல் வருட வைவாவில், அந்த வாய்மொழித் தேர்வில், என் முன்னால் அழுதவன். இன்று அவன் மேசைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

நெற்றியைச் சுருக்கச் சொன்னான், கண்ணை இறுக மூடச் சொன்னான், கன்னத்தை உப்பச் சொன்னான், பல்லைக் காட்டச் சொன்னான். முக நரம்புக்கு நான் சொல்லிக்கொடுத்த அதே வரிசை. சரி. ஆனால் பிறகு விரல்களைக் கழுத்தில் வைத்துக் கீழே இறங்கினானே, தாடைக் கோணத்துக்கு அடியில் அவன் விரல் நின்றது. நகரவில்லை. அங்கே நெறி கட்டியிருந்தால் தவிர விரல் ஏன் நிற்க வேண்டும்?

"என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"ஒண்ணுமில்லாத இடத்துல எதுக்கு விரல் நின்னுச்சு?"

"இல்ல டீச்சர், நிக்கல."

ஊசி குத்திப் பார்க்க என்னை அடுத்த அறைக்கு அனுப்பினான். வர்க்கிச்சனை மட்டும், "சாரே, நீங்க ஒரு நிமிஷம் உக்காருங்க" என்று நிறுத்திக்கொண்டு கதவைச் சாத்தினான். எங்கள் ஆஸ்பத்திரியில் இதற்கு என்ன அர்த்தம் என்று வாசலில் டீ விற்கிறவருக்குக்கூடத் தெரியும். கெட்ட சேதியை நோயாளியிடம் சொல்வதில்லை, வீட்டுக்காரரிடம் சொல்வார்கள்.

என் கட்டியைப் பற்றி உரக்கடைக்காரரிடம் பேச என்ன இருக்கிறது?

ஜூன் 20

வர்க்கிச்சன் நான் கேட்காமலேயே கரிமீன் வாங்கி வந்தார். பேரம் பேசாமல்.

ஜூன் 26

ரிப்போர்ட் வந்தது. சாதாரணக் கட்டி என்று போட்டிருக்கிறது. அச்சடித்த காகிதத்தை நான் நம்புவேனா? நோய்க்குறியியல் துறைக்குப் போய் ஸ்லைடைக் கேட்டேன். அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாலும் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள். பார்த்தேன். என் பெயர், என் எண், என் செல்கள். சாதாரணக் கட்டிதான்.

அப்பாடா என்று அந்த ஸ்டூலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அடுத்த கேள்வி. அப்படியானால் கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசினார்கள்? இரவு சோறு போடும்போது கேட்டேன். "பொதுவா பேசிட்டிருந்தோம். மழை, விலைவாசி" என்றார் வர்க்கிச்சன். ஜினேஷுக்கு யூரியா விலை எதற்கு?

ஜூலை 3

கட்டி புற்று இல்லை என்றாலும் எடுத்தாக வேண்டும். விட்டுவைத்தால் வளரும், பின்னாளில் குணம் மாறலாம். பயம் கட்டியைப் பற்றி இல்லை. முக நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேயே நுழைந்து அங்கேயே ஐந்தாகப் பிரிகிறது. வகுப்பில் நான் என் உள்ளங்கையைக் காதுமேல் வைத்து விரல்களை விரித்துக் காட்டுவேன். கட்டைவிரல் நெற்றிக்கு, அடுத்தது கண்ணுக்கு, நடுவிரல் கன்னத்துக்கு, மோதிரவிரல் கீழ் உதட்டுக்கு, சுண்டுவிரல் கழுத்துக்கு. சிலந்தி வலையை ஈரப் பஞ்சிலிருந்து பிரிப்பது மாதிரி அந்தக் கிளைகளைக் கட்டியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும்.

ஒன்று அறுந்தால் முகத்தில் அந்த இடம் செத்துப் போகும். மற்றவர்களுக்கு முகம் முகம்தான். எனக்கு அது கரும்பலகையும்கூட. ஒவ்வொரு தசையாக என் முகத்திலேயே அசைத்துக் காட்டித்தான் நடத்துவேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்ததை மறக்க மாட்டார்கள்.

ஜினேஷே செய்யட்டும் என்று சொல்லிவிட்டேன். என் மாணவன் இருக்கும்போது வெளியே போனால் என் வகுப்புக்கு என்ன மரியாதை?

ஜூலை 10, புதன்

நாளைக் காலை ஆபரேஷன். ஜினேஷ் வார்டுக்கு வந்தான். முக நரம்பின் தண்டை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டேன். காதுக் குருத்தெலும்பின் கூர்முனையை வைத்து என்று பதில் சொன்னான். சரியான பதில். ஆனால் பதில் சொல்லும்போது அவன் கழுத்துக் குழி வேர்த்திருந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 12

கண்ணாடி கேட்டேன். நர்ஸ் தரமாட்டேன் என்றாள். அதட்டி வாங்கினேன்.

நெற்றி சுருங்குகிறது. கண் மூடுகிறது. கன்னம் உப்புகிறது. காதுமடல் மரத்துப் போயிருக்கிறது, அது எதிர்பார்த்ததுதான், அதன் நரம்பு வேறு.

பல்லைக் காட்டினேன்.

இடது பக்கம் கீழ் உதடு இறங்கிப் பல் தெரிகிறது. வலது பக்கம் இறங்கவே இல்லை. வாய் கோணல். மோதிரவிரல் கிளை.

வெட்டிட்டான். என் கிளைய வெட்டிட்டான்.

ஜூலை 13

ஜினேஷ் வந்தான். கட்டுக்கட்டாகத் துணி சுற்றிய தலையோடு நான் அவனை விசாரித்தேன்.

"உதட்டுக்குப் போற கிளைய வெட்டினியா?"

"இல்ல டீச்சர்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான். "வெட்டல டீச்சர். சத்தியமா. டீச்சர், கீழ் உதட்டக் கொஞ்சம்..."

"பல்லைக் காட்டியாச்சு. நெத்தியச் சுருக்கியாச்சு. எனக்கே பரிசோதனை சொல்லித் தர்றியா? போ."

போய்விட்டான். தரையைப் பார்த்தபடி ஒருவன் சத்தியம் செய்கிறான் என்றால் எதையோ மறைக்கிறான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனை இனி என் முகத்தைத் தொட விடமாட்டேன்.

ஜூலை 18

வீடு. லில்லிக்குட்டி பலாப்பழ அல்வாவோடு வந்தாள். என்னைப் பார்த்ததும், "ஐயோ சேச்சி, வாய் இப்படி ஆயிடுச்சே, பேசறப்போ யாரையோ கிண்டல் பண்ற மாதிரி இருக்கு" என்றாள். மனசில் பட்டதை அப்படியே கொட்டிவிடுவாள். அதற்காகவே அவளைப் பிடிக்கும், அதற்காகவே பிடிக்காது.

வர்க்கிச்சனுக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பையன் அன்னிக்கே சொன்னான். நான்தான் உங்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்" என்று வாயை விட்டார்.

"எந்தப் பையன்? என்ன சொன்னான்?"

வந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினது இதுதான். "சாரே, டீச்சர் படுத்திருந்தா எனக்குக் கை ஓடாது. எப்படியாவது பேசி எர்ணாகுளத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று கெஞ்சியிருக்கிறான். இவர் அதை என்னிடம் சொல்லவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா அவனத் தொலைச்சுக் கட்டிடுவியே. சின்னப் பையன் பயந்துட்டான்னு நினைச்சேன்."

கை ஓடாது என்று தெரிஞ்ச ஆளு கத்திய ஏன் எடுத்தான்? கட்டிக்கிட்ட மனுஷன் ஏன் மறைச்சாரு? ரெண்டு பேரும் சேர்ந்து என்ன முட்டாளாக்கிட்டாங்க. மத்தியானம் சாப்பிடவில்லை. அல்வாவையும் தொடவில்லை.

ஜூலை 24

கல்லூரிக்குப் போனேன். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் என் கண்ணையே பார்த்துப் பேசினார்கள். வாயைப் பார்க்காமலிருக்க அத்தனை பாடு.

நானே சொன்னேன். ஜினேஷ் நரம்பை வெட்டிவிட்டு இல்லை என்று சாதிக்கிறான் என்று சொன்னேன். பிறகு பிரின்சிபல் அறைக்குப் போய் அங்கேயும் சொன்னேன். விசாரிக்கிறேன், அதுவரை அவன் கழுத்துப் பக்கம் கத்தி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

என் துறையில் இருக்கும் ஜமீலா மட்டும், "டீச்சர், அவன் கிட்ட ஒரு தடவை முகத்தக் காட்டியிருக்கலாமே" என்றாள்.

"என் முகத்த நானே பாத்துக்குவேன்" என்றேன்.

ஆகஸ்ட் 2

முக நரம்பு வகுப்பு. படம் மாட்டிக் குச்சியால் காட்டினேன். முதல் பெஞ்சு பெண் ஒருத்தி எதற்கோ சிரிக்க, நானும் பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டேன். அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். மிச்ச வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பாத்ரூமில் போய் அழுதேன். வேறென்ன எழுத.

ஆகஸ்ட் 9

ஜமீலா சொன்னாள்: ஜினேஷ் ஆபரேஷன் பட்டியலையே ரத்து செய்துவிட்டானாம். பிரின்சிபல் வேண்டாம் என்றது கழுத்து மட்டும்தான். இவன் டான்சில்கூட எடுப்பதில்லை. தாடைக்கடியில் கட்டியோடு வந்த ஒரு கள்ளிறக்குகிறவரை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டான். மஸ்கட்டில் எங்கோ கிளினிக்கில் காது கழுவும் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறானாம்.

"குற்றமுள்ள மனசு" என்றேன். ஜமீலா வகுப்பு எலும்புகளை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஏன் படவில்லை என்று தெரியவில்லை. அவன் தையல் நல்ல தையல். காதுக்குப் பின்னால் தழும்பே தெரியவில்லை. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஆகஸ்ட் 14

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் வர்க்கிச்சன் கஞ்சியும் பயறும் சாப்பிட்டுக்கொண்டே பேச்சை எடுத்தார். ஜினேஷ் நேற்றுக் கடைக்கு வந்தானாம். உரம் வாங்க வரவில்லை. நின்றுகொண்டே இருந்தானாம். "டீச்சருக்கு எப்படி இருக்குன்னு கேட்டுட்டு அழுதுட்டான். நெஜமாவே அழுதான்டீ" என்றார்.

நான் உதட்டைப் பிதுக்கினேன். யாராவது கதை விட்டால் நான் செய்வதுதான். ஆமா, அழுதான், பெரிய அழுகை என்று.

வர்க்கிச்சன் கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை பண்ணு."

"எத?"

"இப்ப பிதுக்கினியே, அத. அது நேரா இருக்கு."

"என்ன நேரா இருக்கு?"

"வாய். சிரிச்சா கோணுது. பழிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணா வருது. ஒரு மாசமா உன் வாயத்தானே பாத்துட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

வாஷ்பேசின் கண்ணாடிக்குப் போனேன். பிதுக்கினேன். கீழ் உதடு முழுசாக, வலமும் இடமும் ஒரே அளவில், வெளியே வந்தது. திரும்பத் திரும்பப் பிதுக்கினேன். பைத்தியம் பிடித்தவள் மாதிரி கண்ணாடியைப் பழித்துக்கொண்டு நின்றேன்.

உதட்டைப் பிதுக்குவது தாடை நுனியில் இருக்கும் ஒரு சின்னத் தசை. அதற்கு உயிர் கொடுப்பது அதே மோதிரவிரல் கிளைதான். அந்தக் கிளை அறுந்திருந்தால் வலது பக்கம் பிதுங்கியிருக்காது. அறுந்த நரம்பு எனக்காகப் பொய் சொல்லாது.

அப்படியானால் பல் காட்டும்போது உதடு ஏன் இறங்கவில்லை? கழுத்தில் தோலுக்கடியில் ஒரு மெல்லிய தசை விரிப்பு இருக்கிறது. வாயை அகலமாக இளிக்கும்போது அதுவும் உதட்டோரத்தைக் கீழே இழுக்கும். அதற்குப் போவது சுண்டுவிரல் கிளை; அதில் அடிபட்டாலும் இளிப்பு கோணும். இதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கத்தான் உதட்டைப் பிதுக்கச் சொல்வார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தும் பல்லைக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன். வகுப்பில் எப்போதும் அங்கேதான் நிறுத்துவேன். தேர்வில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

"கீழ் உதட்டக் கொஞ்சம்" என்றானே. கொஞ்சம் என்ன? பிதுக்குங்க என்று சொல்ல வந்திருக்கிறான். நான் விடவில்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது. அவன் மஸ்கட்டுக்குப் போய்விட்டால்?

ஆகஸ்ட் 15

ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. வர்க்கிச்சனோடு ஜினேஷ் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். உட்காரச் சொன்னாள், காப்பி வேணுமா என்று கேட்கவில்லை. நியாயம்தான்.

ஜினேஷ் லுங்கியோடு வந்தவன் உள்ளே ஓடி பேன்ட் மாற்றிக்கொண்டு வந்தான்.

"உக்காரு" என்றேன். "அன்னிக்கு முடிக்காம விட்டதை முடி. கீழ் உதட்ட என்ன பண்ணணும்?"

அவன் மெல்ல, "பிதுக்குங்க டீச்சர்" என்றான்.

பிதுக்கினேன். பக்கத்தில் குனிந்து பார்த்தான். விரலால் என் தாடை நுனியைத் தொட்டு, இன்னொரு தடவை என்றான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"அப்போ நான் வெட்டல" என்றான். "வெட்டலன்னு எனக்குத் தெரியும் டீச்சர். ஆனா நீங்க வெட்டிட்டேன்னு சொன்னீங்க. நீங்க சொன்னா... எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தூக்கத்துலகூட அந்த இடத்தையே பாத்துட்டிருந்தேன்."

நான் சொன்னதை அவன் தன் கண்ணைவிட அதிகமாக நம்பியிருக்கிறான். யாரையும் நம்பாத என்னை!

"அப்போ எதுக்குத் தரையப் பாத்தே?" விட முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

கையை எடுத்தான். "கழுத்துக்குப் போற கிளைய வெட்டினேன், டீச்சர். கட்டியோட ஒட்டிக்கிட்டிருந்தது. பிரிச்சா கட்டி உடைஞ்சு சிந்தியிருக்கும், திரும்ப வந்திருக்கும். தெரிஞ்சேதான் வெட்டினேன். உங்ககிட்ட சொல்லப் பயந்தேன்."

"சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

"வைவா எடுத்திருப்பீங்க."

வர்க்கிச்சன் சிரித்துவிட்டார். ஜினேஷின் மனைவியும். நானும் சிரித்தேன், கோணலாக.

ஆக, அவன் மறைத்தது உண்மை. நான் சந்தேகப்பட்டது சரி. சந்தேகப்பட்ட விஷயம்தான் தப்பு. இது எனக்கு ஆறுதலா தண்டனையா தெரியவில்லை. அவன் வெட்டியது சரியான வெட்டு. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

"உன்னப் பத்தி ஊர் முழுக்கத் தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுடு" என்றேன். என் வாயில் அந்தச் சொல் பழக்கமில்லை. அவனுக்கும் அதைக் கேட்டுப் பழக்கமில்லை. எழுந்து நின்றுவிட்டான்.

பிறகு காப்பி வந்தது.

ஆகஸ்ட் 19

பிரின்சிபலிடம் போய் நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். அறை முழுக்கக் கேட்கும்படி ஸ்டாஃப் ரூமில் நின்றும் சொன்னேன். சிலர் காலண்டரைப் பார்த்தார்கள். ஜமீலா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரின்சிபல் என்னிடம், "டீச்சர், நிச்சயமாத்தானே?" என்று கேட்டார். அவர் முன்னாலும் உதட்டைப் பிதுக்கிக் காட்ட வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 27

ஜினேஷ் மஸ்கட் மனுவைத் திருப்பி வாங்கிவிட்டானா என்று ஜமீலாவிடம் கேட்டேன். தெரியாது என்றாள். இவளுக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறாள்.

செப்டம்பர் 11, திருவோணம்

பக்கத்து வீட்டில் சாப்பிட்டோம். பாயசம் குடிக்கும்போது ஒழுகவில்லை. சிரிப்பும் கொஞ்சம் நேராகி வருகிறது. மற்றத் தசைகள் வேலையைப் பழகிக்கொள்கின்றன போலிருக்கிறது.

அக்டோபர் 4

லில்லிக்குட்டிக்குத் தைராய்டில் கட்டி. எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து மாமரத்தடியில் நின்று அழுதாள். அவளுக்குக் கட்டியைவிடப் பெரிய பயம் குரல். தைராய்டுக்குப் பின்னாலேயே குரல் நரம்பு போகிறது என்று யாரோ சொல்லித் தொலைத்திருக்கிறார்கள். உண்மைதான். அதில் கை பட்டால் குரல் கம்மிப் போகும். பேச்சே பிழைப்பாக இருக்கிறவளுக்கு வேறென்ன இருக்கிறது? பிள்ளை இன்னும் படித்து முடிக்கவில்லை. வீட்டுக்காரனும் இல்லை.

"சேச்சி, யாருகிட்ட பண்ணிக்கறது?"

"ஜினேஷ்" என்றேன்.

"உங்க வாயப் பாத்துட்டுமா?"

"என் வாயப் பாத்துட்டுத்தான்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கே அந்தப் பார்வை தெரியும், நான் எல்லாரையும் பார்ப்பது.

அக்டோபர் 22, செவ்வாய்

லில்லிக்குட்டிக்கு இன்று ஆபரேஷன். வர்க்கிச்சன் போனார். நீயும் வா, தியேட்டருக்குள்ளேயே விடுவார்கள் என்றார். ஜினேஷும் நேற்று ஃபோனில், "டீச்சர் வந்து நிக்கறீங்களா?" என்று கேட்டான். நான் போய் நின்றால் அவன் கையைப் பார்ப்பேன், அவன் என் கண்ணைப் பார்ப்பான். அந்த நேரத்தில் அவன் பார்க்க வேண்டியது நரம்பை.

"எனக்கு வகுப்பு இருக்கு" என்றேன். வகுப்பு இருந்தது, பத்து மணிக்கு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எலும்புகளைத் துடைத்தேன். துடைத்த எலும்பையே மறுபடி துடைத்தேன். மயக்க மருந்து கொடுக்கிறவர் புதியவராம். அவரைப் பற்றி எனக்கு இப்போதும் ஒரு சந்தேகம் இருக்கிறது. ஆனாலும் போகவில்லை. யாருக்கும் ஃபோன் செய்து விசாரிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் மீனைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. வர்க்கிச்சன் நம்பர். ஈரக் கையோடு எடுத்தேன். பேசினது அவர் இல்லை.

"சேச்சி, என்ன டாக்டர் இவன்? காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி இல்ல. கேட்டா, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுங்க, ஆ சொல்லுங்க, ஈ சொல்லுங்கன்னு உயிர வாங்கறான். நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா? நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க இவனுக்கு?"

அதே குரல். தெருமுனை வரைக்கும் கேட்கிற, நான் எத்தனையோ நாள் கதவைச் சாத்திக்கொண்ட குரல். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆமாடீ, நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றேன். அவள் இன்னும் திட்டினாள். முடிக்கும்வரை நான் ஃபோனை வைக்கவில்லை.